பெயரின் விலை: வெர்மீர் ஓவியங்கள் கண்ட ஏற்றமும் இறக்கமும்

ஓவியச் சந்தையில் விலை போவது ஓவியம் அன்று, அதை வரைந்தவரின் பெயரே என்பது நெடுங்காலமாகக் கேலியாகவும் குறையாகவும் சொல்லப்பட்டுவருவது. அந்தக் கேலியில் உண்மை உண்டு. ஆனால் பெயர் என்பது எங்கிருந்தோ வந்து ஓவியத்தின்மேல் ஒட்டிக்கொள்ளும் வெற்றுப் பகட்டு என்று அது எடுத்துக்கொள்வதால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. பெயரும் செய்யப்படுவதுதான். கடன் பத்திரங்கள், ஏலப் பட்டியல்கள், பத்திரிகைக் கட்டுரைகள், அருங்காட்சியகச் சுவரில் ஒட்டப்படும் சிறு அட்டைகள் ஆகியவற்றால், அவற்றை எழுதியவர்களின் அறிவாலும் ஆசையாலும் அது கட்டப்படுகிறது. அந்தக் கட்டுமானத்தின்மேல் உள்ள நம்பிக்கை ஏறினால் விலை ஏறுகிறது, ஆட்டம் கண்டால் விலையும் ஆட்டம் காண்கிறது. இதைப் பொதுப்படப் பேசுவதைவிட, ஒரே ஓவியரின் படைப்புகள் மூன்று நூற்றாண்டுகளில் எந்தெந்தப் பெயரில் என்னென்ன விலைக்குப் போயின என்று பார்ப்பது பயன் தரும். அதற்கு நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தைச் சேர்ந்த யொஹானஸ் வெர்மீரைவிடப் பொருத்தமானவர் அரிது. இன்று அவருடையவை என ஏற்கப்படும் ஓவியங்கள் ஏறக்குறைய 35 மட்டுமே என்பதால், ஒவ்வொன்றின் பயணத்தையும் பெருமளவு தொடர முடிகிறது.

வெர்மீர் 1632இல் பிறந்து 1675இல், தம் நாற்பத்து மூன்றாம் வயதில் இறந்தார். ஓவியர்களின் தொழிற்சங்கமாக விளங்கிய புனித லூக்கா சங்கத்தின் தலைவர்களுள் ஒருவராக இருமுறை தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பதால், ஊருக்குள் அவருக்கு மரியாதை இருந்தது என்பதில் ஐயமில்லை. ஊருக்கு வெளியே அந்த மரியாதை எவ்வளவு செல்லுபடியாயிற்று என்பதற்கு 1663இல் டெல்ஃப்டுக்கு வந்த மோன்கொனி என்ற பிரெஞ்சுப் பயணியின் நாட்குறிப்பு சான்று தருகிறது. வெர்மீரின் வீட்டுக்குச் சென்ற அவருக்குக் காட்ட அங்கே ஒரு படம்கூட இல்லை. உள்ளூர் ரொட்டிக்கடைக்காரர் ஒருவரிடம் ஒன்று இருந்தது. அதற்கு 600 லிவ்ர் கொடுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். லிவ்ர் என்பது அக்காலப் பிரெஞ்சுக் கணக்கு நாணயம். பிஸ்தோல் என்ற பொற்காசு ஒன்று ஏறக்குறைய 10 லிவ்ருக்குச் சமம். ஒரே ஓர் உருவம் மட்டும் உள்ள அந்தப் படத்துக்கு ஆறு பிஸ்தோல் கொடுப்பதே அதிகம் என்று மோன்கொனி குறித்துவைத்தார். அதாவது, உள்ளூர்க்காரர் கொடுத்ததாகச் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கொடுக்க அவர் ஆயத்தமாக இல்லை. ரொட்டிக்கடைக்காரருக்கு வெர்மீர் யார் என்று தெரியும், பயணிக்குத் தெரியாது. தெரியாதவர் படத்திலுள்ள தலைகளை எண்ணி விலை போட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. பெயர் கைகொடுக்காத இடத்தில் உருவங்களின் எண்ணிக்கை, அளவு, வண்ணப்பொருளின் விலை, உழைத்த நாட்கள் என எண்ணக்கூடியவற்றையே அந்தக் காலத்துச் சந்தையும் பற்றிக்கொண்டது.

வெர்மீரின் பெயர் டெல்ஃப்டைத் தாண்டாததற்கான காரணத்தை, அந்நகர ஆவணங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்கப் பொருளியலாளர் ஜான் மைக்கேல் மோந்தியாஸ் கண்டறிந்தார். ஓவியரின் படைப்புகளில் பெரும்பகுதி அதே ஊரில் வான் ரைவன் என்ற ஒரே செல்வக் குடும்பத்தின் கைக்குப் போயிருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. இப்படி ஒரு புரவலர் கிடைப்பது ஓவியருக்கு வாழ்வு தரும்; ஆனால் படங்கள் கைமாறாமல் ஒரே வீட்டுக்குள் தங்கிவிடுவதால், அவரைப் பற்றிய பேச்சு பரவுவதற்கு வழி அடைபடும். 1672இல் பிரெஞ்சுப் படையெடுப்பால் நெதர்லாந்தின் பொருளாதாரம் சரிந்தது. படங்களை விற்க முடியாமல் கணவர் நொடித்துப்போனதைப் பின்னாளில் மனைவி கத்தரீனா அதிகாரிகளிடம் அளித்த மனுவில் விவரித்தார். வெர்மீர் இறந்த சில வாரங்களில், 600 கில்டரைத் தாண்டிவிட்ட ரொட்டிக்கடைப் பாக்கிக்காக இரண்டு ஓவியங்கள் கடைக்காரர் கைக்குப் போயின. கில்டர் என்பது நெதர்லாந்தின் பழைய நாணயம். 1696இல் ஆம்ஸ்டர்டாமில் அவருடைய 21 படங்கள் ஒன்றாக ஏலத்துக்கு வந்தபோது, டெல்ஃப்ட் நகரக் காட்சியை வரைந்த பெரிய படம் 200 கில்டருக்கும், பால் ஊற்றும் பணிப்பெண்ணின் படம் 175 கில்டருக்கும் விற்றன. இவை மட்டமான விலைகள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் மதிப்பாரற்றுக் கிடந்து இறந்தபின் புகழ்பெற்ற மேதை என்று பின்வந்தோர் கட்டிய கதைக்கு வெர்மீர் அவ்வளவாகப் பொருந்தமாட்டார்.

உண்மையான மறதி அதற்குப் பிறகுதான் வந்தது. படங்கள் பிரிந்து பல நாடுகளுக்குச் சென்றன; கூடவே அவற்றின் உடைமை வரலாறு, அதாவது ஓவியரின் கையிலிருந்து இன்றைய உரிமையாளர் வரை ஒரு படைப்பு யார் யாரிடம் இருந்தது என்ற தொடர்ச்சியான பதிவு, அறுந்துபோனது. பதிவு அறுந்த படத்துக்கு அடுத்து வரும் வணிகர் தமக்குத் தெரிந்ததில் விலைபோகக்கூடிய பெயரைச் சூட்டுவார். திறந்த சன்னலருகே கடிதம் படிக்கும் பெண்ணின் படம் 1742இல் சாக்சனி அரசருக்காக ரெம்பிராண்ட் படைப்பு என்றே வாங்கப்பட்டது. வியன்னாவில் இன்று பொக்கிஷமாகப் போற்றப்படும் 'ஓவியக் கலை' என்ற படத்துக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம்: அதில் வெர்மீரின் சமகாலத்தவரான பீட்டர் டெ ஹோக்கின் கையொப்பத்தைப் போலியாக எழுதியிருந்தார்கள். 1813இல் செர்னின் பிரபு அதை 50 கில்டருக்கு வாங்கினார். பின்னாளில் உலகெங்கும் எத்தனையோ பேர் வெர்மீரின் கையொப்பத்தைப் போலியாக இட்டிருக்க, உண்மையான வெர்மீர் படத்தை விற்பதற்கு வேறொருவர் பெயர் தேவைப்பட்ட காலமும் இருந்தது என்பதைவிடப் பெயர்களின் ஏற்ற இறக்கத்தை விளக்க வேறு சான்று வேண்டியதில்லை.

அறுந்த இழைகளை மீண்டும் முடிச்சிட்டவர் தெயோஃபில் தோரே என்ற பிரெஞ்சுப் பத்திரிகையாளர். 1848ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்த இந்தக் குடியரசுவாதி, பியூர்கர் என்ற புனைபெயரில் எழுதிக்கொண்டு ஐரோப்பாவின் ஓவியத் தொகுப்புகளைச் சுற்றிவந்தார். தி ஹேக் நகரத்து மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் டெல்ஃப்ட் காட்சியைப் பார்த்ததிலிருந்து தொடங்கிய தேடல், 1866இல் வெளிவந்த நீண்ட கட்டுரைத் தொடராக முடிந்தது. அதில் எழுபதுக்கும் மேற்பட்ட படங்களை அவர் வெர்மீருக்கு உரியவையாகப் பட்டியலிட்டார். அவற்றுள் ஏறக்குறைய பாதி பின்னர் நீக்கப்பட்டன. தோரே எழுத்தாளர் மட்டும் அல்லர், படங்களை வாங்கியவர், பிறருக்கு வாங்கிக் கொடுத்தவர். தம் எழுத்தால் விலையேறிய வெர்மீர் ஓவியங்கள் சில அவருடைய வீட்டிலேயே இருந்தன. இதை மோசடி என்று ஒதுக்குவது எளிது, ஆனால் தவறு. அன்று அவரைப் போல ஆசைப்பட்டவர் இல்லாதிருந்தால், அவரைப் போலத் தேடியவரும் இருந்திருக்கமாட்டார். ஓவியரின் நற்பெயரைக் கட்டுபவர்களில் பற்றற்றவர்கள் மிகச் சிலரே என்பதைக் கலை வரலாறு அடக்கமாகவே சொல்கிறது.

தோரேயின் கட்டுரைக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1881இல், தி ஹேக் ஏலம் ஒன்றில் அழுக்கேறிச் சிதைந்த நிலையில் ஒரு பெண்ணின் படம் வந்தது. டெஸ் டோம்ப் என்ற சேகரிப்பாளர் அதை 2 கில்டருக்கு எடுத்தார். ஏலக் கட்டணம் 30 சென்ட் தனி. அவரும், பழம்பொருள் பாதுகாப்பில் முன்னின்ற அரசு அதிகாரி விக்டர் டெ ஸ்டூயர்ஸும், அது வெர்மீராக இருக்கலாம் என்று கணித்து, ஒருவரை எதிர்த்து ஒருவர் விலை கேட்பதில்லை எனப் பேசிவைத்துக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது. படத்தைச் சுத்தம் செய்தபோது கையொப்பம் வெளிப்பட்டது. டெஸ் டோம்ப் 1902இல் இறந்தபோது உயில் வழியே மௌரிட்ஸ்ஹௌஸுக்கு வந்து சேர்ந்த அந்தப் படம்தான் 'முத்துக் காதணி அணிந்த பெண்'. ஏல அரங்கில் இருந்தவர்கள் எல்லோர் கண்ணிலும் பட்டது ஒரே படம்தான். இருவருக்கு மட்டும் அதனுடன் ஒரு பெயரும் தெரிந்தது. மற்றவர்களுக்கு அழுக்குத் தெரிந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயர் உறுதியாகிவிட்டது, படங்கள்தான் போதவில்லை. அரிதான பெயர் சந்தையில் ஒரு வெற்றிடத்தை உண்டாக்கும், அந்த வெற்றிடம் எந்த வடிவில் இருக்கும் என்பதை அறிஞர்களின் ஊகமே தீர்மானிக்கும். 1901இல், மார்த்தா, மரியாள் வீட்டில் இயேசு இருக்கும் காட்சியைக் காட்டும் படம் ஒன்று வெர்மீரின் இளமைக்காலப் படைப்பெனத் தெரியவந்தது. அமைதியான அறைகளையும் கடிதம் படிக்கும் பெண்களையும் வரைந்தவர் ஒரு காலத்தில் விவிலியக் காட்சிகளையும் இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் சாயலில் வரைந்திருப்பார் என்ற கருத்து வலுப்பெற்றது. அப்படியானால் அந்தக் காலகட்டத்தைச் சேர்ந்த மற்ற படங்கள் எங்கே? நெதர்லாந்து ஓவிய ஆய்வில் பெரும் அதிகாரம் பெற்றிருந்த ஆப்ரஹாம் பிரேடியுஸ் உள்ளிட்டோர் மனத்தில் இருந்த இந்தக் கேள்விக்கு விடை வரைந்து தர ஒருவர் முன்வந்தார்.

ஹான் வான் மேகெரென், 1889இல் பிறந்தவர், டெல்ஃப்டில் கட்டடக்கலை பயின்றவர், சொந்தப் பெயரில் வரைந்த படங்களுக்கு விமர்சகர்களின் ஏளனத்தைச் சம்பாதித்தவர். தென் பிரான்சுக்குக் குடிபெயர்ந்து அவர் தீர்த்துக்கொண்ட தொழில்நுட்பச் சிக்கல் கவனத்துக்குரியது. எண்ணெய் வண்ணம் முழுமையாக இறுகப் பல பத்தாண்டுகள் ஆகும். புதுப்படத்தில் சாராயம் தோய்ந்த பஞ்சை ஒற்றினால் வண்ணம் கரைந்து வந்துவிடும், குட்டு வெளிப்படும். எனவே ஃபீனால், ஃபார்மால்டிஹைடு ஆகியவற்றால் ஆன செயற்கைப் பிசினை, மின் சாதனங்களில் பயன்பட்ட பேக்கலைட்டின் இனத்தைச் சேர்ந்த பொருளை, எண்ணெய்க்குப் பதிலாக வண்ணத்துடன் கலந்து, படத்தை அடுப்பில் நூறு பாகை செல்சியசுக்குச் சற்று மேல் சுட்டு இறுக்கினார். பதினேழாம் நூற்றாண்டுப் பழைய படம் ஒன்றை வாங்கி, மேல்வண்ணத்தைச் சுரண்டி எடுத்து, அந்தத் துணியிலேயே வரைந்தார். துணியை உருளையில் சுற்றி நுண்விரிசல்களை உண்டாக்கினார். காலப்போக்கில் வண்ணப் படலம் சுருங்குவதால் வலைபோல் விழும் அந்த விரிசல்களே பழமையின் அடையாளமாகக் கொள்ளப்படுபவை. விரிசல்களில் தூசி படிந்தது போலத் தோன்ற மையைத் தேய்த்தார்.

1937இல் எம்மாவு ஊரில் இயேசு உணவருந்தும் காட்சியைக் காட்டும் அந்தப் படம் பிரேடியுஸிடம் கொண்டுசெல்லப்பட்டது. எண்பது வயதைக் கடந்திருந்த அவர், இது வெர்மீரின் தலைசிறந்த படைப்பு என்ற அளவுக்குப் புகழ்ந்து 'பர்லிங்டன் மேகசின்' ஆய்விதழில் எழுதினார். அந்தக் காலத்தின் மிகப் பெரிய ஓவிய வணிகரான ஜோசப் டுவீனின் முகவர்கள் பாரிசில் அதே படத்தைப் பார்த்துவிட்டு, படுமோசமான போலி என்று தந்தியடித்தார்கள். ஆனால் தந்தி வணிக ரகசியம், கட்டுரை பொது ஆவணம். கட்டுரையே வென்றது. ரெம்பிராண்ட் சங்கமும் செல்வர் சிலரும் சேர்ந்து சுமார் 5 லட்சத்து 20 ஆயிரம் கில்டருக்கு வாங்கி, ராட்டர்டாம் நகர பாய்மன்ஸ் அருங்காட்சியகத்தில் அதை வைத்தார்கள். வெறும் அழகுக்காக இந்தத் தொகை கொடுக்கப்படவில்லை. நாட்டின் மதிப்புக்குரிய ஓவியர் ஒருவரின் வாழ்வில் காணாமற்போன ஓர் அத்தியாயம் கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கைக்காகக் கொடுக்கப்பட்டது.

போர்க்காலத்தில் மேகெரென் செய்த இன்னொரு 'வெர்மீர்' நாஜித் தலைவர் கோரிங்கிடம் போய்ச் சேர்ந்தது; 16 லட்சத்து 50 ஆயிரம் கில்டர் மதிப்பிட்டு, கோரிங் வசமிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் அதற்கு ஈடாகக் கொடுக்கப்பட்டன. 1945 மே மாதம், தேசியச் செல்வத்தை எதிரிக்கு விற்ற குற்றத்துக்காகக் கைதான மேகெரென், சில வாரங்கள் கழித்து அது தாமே வரைந்தது என்று வெளியிட்டார். நம்ப மறுத்தவர்கள் முன்னிலையில், காவலில் இருந்தபடியே அதே பாணியில் ஒரு புதிய படத்தை வரைந்தும் காட்டினார். பெல்ஜிய வேதியியலாளர் பவுல் கோரமான்ஸ் தலைமையில் அமைந்த குழு செயற்கைப் பிசினைக் கண்டறிந்தது. 1947 நவம்பரில் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதை அனுபவிப்பதற்கு முன்பே, டிசம்பர் 30ஆம் நாள், மாரடைப்பால் இறந்தார். வேடிக்கை என்னவென்றால், வரைந்தவரே ஒப்புக்கொண்ட பிறகும் சில உரிமையாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பெருஞ்செல்வரான வான் பியூனிங்கன், தாம் வாங்கிய 'இறுதி இராவுணவு' உண்மையான வெர்மீரே என்று கூறிக் கோரமான்ஸ்மீது வழக்குத் தொடர்ந்தார். 1968இல் ஈய வெண்ணிறமியிலுள்ள கதிரியக்கத்தை அளந்து, எம்மாவு படத்தின் வண்ணம் முந்நூறு ஆண்டுப் பழமையுடையதாக இருக்க முடியாது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டிய பிறகே விவாதம் அடங்கியது.

இங்கே எழும் கேள்வி பழையது: துணியிலும் வண்ணத்திலும் ஓர் அணுவும் மாறாதபோது, நேற்று மனம் உருகிப் பார்த்த படம் இன்று எப்படி வெறும் சான்றுப் பொருளாக முடியும்? அன்று உருகியவர்கள் பெயரைப் பார்த்து உருகினார்கள், ஆகவே அவர்கள் போலிகள் என்பது விரைந்து கிடைக்கும் விடை. அமெரிக்கத் தத்துவ அறிஞர் நெல்சன் குட்மன் 1968இல் வேறொரு விடையை முன்வைத்தார். சில கலைகளில் படைப்பை யார் கை செய்தது என்ற வரலாறே படைப்பின் ஒரு பகுதி. ஓவியம் அத்தகையது, இசை அப்படியன்று, ஏனெனில் ஓர் இசைக்குறிப்பை யார் படியெடுத்தாலும் அதே இசைதான். மேலும், எது யாருடையது என்று அறிவது பார்க்கும் கண்ணையே பழக்குகிறது. மேகெரெனின் படங்களை வெர்மீரின் பட்டியலிலிருந்து பிரித்துத் தனியே அடுக்கிய பிறகு, ஓவியப் பயிற்சியற்றவர்களுக்கும் வேறுபாடு எளிதில் தெரிகிறது: கனத்த இமைகள், துணி மடிப்புகளின் உயிரற்ற விறைப்பு, 1930களின் திரைப்பட நடிகையரை நினைவூட்டும் முகங்கள். இந்த விளக்கமே வலுவானது. பட்டியலில் ஒரு போலி நுழைந்தால், அடுத்த போலிக்கு அதுவே ஒப்பீட்டு அளவுகோலாகிவிடுகிறது. எம்மாவு படம் உண்மை என்று கொண்டவர்களுக்கு அதைவிடத் தரம்தாழ்ந்த பிந்தைய போலிகளும் உண்மையாகத் தெரிந்தது இதனால்தான். ஆகவே பெயரைக் காப்பது விலையைக் காப்பது மட்டுமன்று.

ஆனால் அந்தக் காவல் வரம்பு மீறவும் கூடும். மேகெரென் விவகாரத்தில் கைசுட்டுக்கொண்ட அறிஞர்கள், அதற்குப் பிறகு ஐயத்துக்கிடமான எந்தப் படத்தையும் வெர்மீர் பட்டியலில் சேர்க்க அஞ்சினார்கள். வர்ஜினல் என்ற விசைக்கருவியின் முன் அமர்ந்திருக்கும் இளம்பெண்ணைக் காட்டும், இரு உள்ளங்கை அளவேயான ஒரு படம் இப்படிப் பல பத்தாண்டுகள் ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. பெல்ஜியப் பிரபு ஒருவரின் வசமிருந்த அதை 1990களில் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் ஆய்வுக்கு உட்படுத்தினார்கள். வெர்மீர் விலை பாராமல் பயன்படுத்திய இலாபிசு இலாசுலிக் கல்லின் நீலம் அதில் இருந்தது. துணியின் இழைகளை எண்ணியபோது, பாரிசு லூவ்ரிலுள்ள 'பின்னல் வேலை செய்யும் பெண்' படத்தின் துணியுடன் ஒரே பாவிலிருந்து வெட்டப்பட்டது என்று கருதும் அளவுக்கு அது பொருந்தியது. 2004 ஜூலையில் சோத்பிஸ் நிறுவனத்தின் லண்டன் ஏலத்தில் 1 கோடியே 62 லட்சம் பவுண்டுக்கு அது விற்றது. ஒதுக்கப்பட்டுக் கிடந்த காலத்திலும் அதே பெண் அதே இசைக்கருவியின் முன்னேதான் அமர்ந்திருந்தாள்.

பெயரே இல்லாத கலையில் இந்த இடத்தை எது நிரப்புகிறது என்பதற்குச் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் விடை தருகின்றன. வார்த்த கைவினைஞர் யார் என்று எதிலும் பொறிக்கப்படவில்லை; எனவே காலமும் கோயிலும் உடைமை வரலாறுமே சந்தையில் பெயரின் வேலையைச் செய்கின்றன. அந்த வரலாற்றையும் போலியாக எழுதலாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசரை, பொய்யான உடைமைப் பத்திரங்களை நம்பி ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. மேகெரென் விவகாரத்தில் படம் போலி, இங்கே சிலை உண்மை, காகிதம் போலி. 2014இல் நடராசர் இந்தியாவுக்குத் திருப்பித் தரப்பட்டார்.

வெர்மீரின் பட்டியல் இன்னும் மூடப்படவில்லை. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் தன்னிடமுள்ள 'புல்லாங்குழலுடன் பெண்' என்ற சிறு படத்தை நுண்ணோக்கியாலும் நிறமிப் பகுப்பாய்வாலும் ஆராய்ந்து, அது வெர்மீரின் கை அன்று, அவருடைய பட்டறையோடு தொடர்புடைய ஒருவரின் கை என்று 2022 அக்டோபரில் அறிவித்தது. உண்மையானால், தனியாகவே வேலை செய்தார் என்று நம்பப்பட்ட ஓவியருக்கு மாணவரோ உதவியாளரோ இருந்திருக்க வேண்டும். அதுவே பெரிய செய்தி. நான்கு மாதம் கழித்து, ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ்மியூசியம் 28 ஓவியங்களைத் திரட்டி, இதுவரை இல்லாத அளவில் வெர்மீர் கண்காட்சியைத் திறந்தது. நுழைவுச்சீட்டுகள் சில நாட்களிலேயே தீர்ந்தன. கண்காட்சிக்கு வந்தவர்கள் ஆறரை லட்சம் பேர். அந்த 28இல் புல்லாங்குழல் பெண்ணும் ஒருத்தி. உரிமையாளரின் முடிவை ரெய்க்ஸ்மியூசியத்தின் ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. அவர்கள் வைத்த அட்டையில் ஓவியர் பெயர் வெர்மீர் என்றே இருந்தது. 2023 ஜூனில் கண்காட்சி முடிந்து வாஷிங்டனுக்குத் திரும்பியதும் அது மீண்டும் பட்டறைப் படைப்பாயிற்று. அந்தப் படம் விற்பனைக்கு வரப்போவதில்லை. வந்தால் எந்த அட்டையை நம்பி விலை கேட்பது என்பதை வாங்குபவர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.